இரண்டு பேர் ஒப்புதல்

பொழுது புலருமுன்பே அரியமங்கலத்துப் பட்டறையில் தகடு அழுத்தும் பிரஸ் இடிக்கத் தொடங்கிவிடும். எண்ணெய்ப் புகையில் இருமிக்கொண்டே வீரமலை தகட்டை உள்ளே தள்ளுவார். இரும்பு இறங்கும். எடுப்பார், அடுத்ததைத் தள்ளுவார்.

கை உள்ளே இருந்தால் இயந்திரத்தை நிறுத்த ஒரு மென்பொருள் இருந்தது. ஸ்ரீரங்கத்து நிறுவனம் ஒன்று அதைப் பொதுவில் இலவசமாக வைத்திருந்தது. திடீரென்று எடுத்துவிட்டார்கள். பட்டறைக் கம்ப்யூட்டர் பழுதாகி, மறுபடி பதிவிறக்கப் பார்த்தபோது இணையத்தில் அது இல்லை. ஆர்டர் நிற்கக் கூடாதென்று பட்டறை முதலாளி அது இல்லாமலே ஓட்டச் சொன்னார். வீரமலையின் வலது கையில் இப்போது கட்டைவிரல் மட்டும்தான்.

அடுத்த வாரம் ஸ்ரீரங்கத்து நிறுவனத்தின் முதலாளி ரங்கசாமி பெருமாளைச் சேவித்துவிட்டு நேரே ஆபீசுக்கு வந்தார்.

"இலவசமா வச்சிருக்கற மிச்சத்தையும் இன்னிக்கே தூக்கிடுங்க. வேணுங்கறவன் வெலைக்கு வாங்கட்டும்."

மிச்சத்தில் ஒன்று, அதேபோல வெட்டும் இயந்திரத்தை நிறுத்தும் மென்பொருள். எதை நீக்கவும் அதைப் பராமரிக்கும் மூன்று ஊழியர்களில் இருவர் ஒப்புதல் தரவேண்டும். போன தடவை தந்தவர்கள் ஆஃப்ரினும் பிரவீன்ராஜும்; மூன்றாமவள் தேவதர்ஷினி.

"நாம எடுத்ததால அரியமங்கலத்துல ஒருத்தருக்கு நாலு வெரல் போயிருக்கு சார், பேப்பர்ல வந்திருக்கு," என்றாள் ஆஃப்ரின்.

"அறிவிப்பு போட்டோம்ல?"

"வெப்சைட்ல, இங்கிலீஷ்ல போட்டோம். பிரஸ் ஓட்டுறவரு அதை எங்க பாப்பாரு?"

"பாக்காதது அவன் தப்பு. அவன் என்ன நம்ம ஸ்டாஃபா? வெரல் போனவனே சும்மா இருக்கான், உனக்கென்ன வலிக்குது? நீ கெளம்பு. பிரவீன், தர்ஷினி, நீங்க போடுங்க."

பிரவீன்ராஜுக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்திருந்தது. மவுஸைத் தொட்டவன் கையை எடுத்துக்கொண்டான்.

"என்னால முடியாதுங்க சார்."

"எங்கிட்டயும் கேக்காதீங்க," என்றாள் தேவதர்ஷினி.

"மூணு பேரும் வெளிய போங்க. நாளைக்கே வேற ஆள் வரும்."

வரத்தான் செய்யும். ஊரில் வேலை தேடும் பிள்ளைகளுக்கா பஞ்சம்? மூவரும் பஸ் பிடித்து அரியமங்கலம் போனார்கள். பட்டறையில் சத்தமே இல்லை. ஆட்கள் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கட்டுப்போட்ட கையோடு வீரமலை.

"நான்தான் அண்ணே அந்த சாஃப்ட்வேரை எடுத்தேன். யோசிக்காம எடுத்துட்டேன்," என்றாள் ஆஃப்ரின். அழுகையை அடக்க முடியவில்லை.

வீரமலை அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"திருப்பி வைக்க முடியுமாம்மா?"

"பிரதி இருக்கு. பொதுவில இருந்தது, யாரு வேணா வைக்கலாம். நாங்க மூணு பேரும் வைக்கிறோம். ஆனா வேலை போயிடுச்சு."

"அது வர்ற வரைக்கும் நாங்க யாரும் பிரஸ்ஸத் தொட மாட்டோம். எங்களுக்கும் வேலை இல்ல."

இடது கையைத் தரையில் ஊன்றி அவர் சற்று நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காந்து செய்யுங்க."