பின்னணியில் அக்கா

மலையடிவாரத்து டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து, காலையில் எடுத்த முதல் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கினேன். முன்னால் நின்ற பெண்ணின் முகம் ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை மாதிரி இருந்தது. அவள் முதுகில் இருந்த சிவப்புப் பை, யாராவது பை என்று சொன்னால் பை என்று நம்பலாம், தக்காளி என்று சொன்னாலும் நம்பலாம் என்ற நிலையில் இருந்தது. ஆனால் அவளுக்கு அறுபது எழுபது அடி பின்னால், பாறைமேல் உட்கார்ந்து இடது ஷூவைக் கழற்றித் தட்டிக்கொண்டிருந்த என் அக்கா அவ்வளவு துல்லியம். ஷூவிலிருந்து உதிர்ந்த கற்களை எண்ண முடிந்தது. இரண்டு.

அடுத்த படத்தைத் திறந்தேன். முன்னால் மங்கல், பின்னால் அக்கா தண்ணீர் குடிக்கிறாள். அதற்கடுத்த படத்தில் மூடியைத் திருகுகிறாள். இன்னொன்றில், தான் படத்தில் விழுந்துவிடுவோமோ என்று திடீரெனத் தோன்றி, தன்னில் பாதி உயரம்கூட இல்லாத ஒரு புதருக்குப் பின்னால் மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு ஒளிந்துகொண்டிருக்கிறாள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒரு மனுஷி மலையுச்சியில் ஓய்வெடுப்பதைப் பற்றி இவ்வளவு முழுமையான ஆவணம் உலகத்தில் வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லை.

லென்ஸைத் திருப்பிப் பார்த்தேன். ஃபோகஸ் வளையத்தின் மேல் கறுப்பு டேப் ஒட்டியபடியே இருந்தது. ஒட்டியவன் நான்தான். முந்தைய நாள் ஒரு வீட்டுத் தரகருக்காக மொட்டை மாடியில் காமிரா முக்காலியைப் போட்டு, எதிர்ச்சாரிக் கட்டடத்தில் காலை ஏழு முதல் மாலை ஐந்துவரை எந்த ஜன்னலில் எப்போது வெயில் விழுகிறது என்று எடுத்துக் கொடுத்தேன். பத்து மணி நேரம் ஒரே சட்டகம் அசையக்கூடாது என்பதால் ஃபோகஸை அந்தத் தூரத்தில் வைத்து டேப் போட்டு ஒட்டினேன். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். எல்லாரும் பிறகு அந்த டேப்பைப் பிரித்துவிடுவார்கள். நான் பிரிக்கவில்லை. காலை வெயிலில் காமிராவின் சின்னத் திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது. அந்தத் திரையின் குணமே அதுதான். அதில் பார்த்தால் நான்கூட அழகாக இருப்பேன்.

படம் கேட்டது முதுகுப்பை செய்கிற ஒரு கம்பெனி. அவர்களுடைய அடுத்த ஒரு வருடத்து விளம்பரப் படங்களை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க மூன்று பேரிடம் ஆளுக்கொரு படம் கேட்டிருந்தார்கள். ‘மலையேறி வந்து நிற்கும் ஒரு பெண், முதுகில் எங்கள் பை, மாலை ஆறு மணிக்குள் அனுப்பவும்.’ கிடைத்தால் வருடம் முழுக்க காடு, ஏரி, மலை என்று திரியலாம். கிடைக்காவிட்டால் எனக்காக ஒரு நாற்காலி காத்திருந்தது. லைசென்ஸ் ஆபீஸில், ஓட்டுநர் உரிமத்துக்கு வருகிறவர்களின் முகத்தைப் படம் பிடிக்கும் நாற்காலி. அங்கே காமிராவை மேசையோடு சேர்த்து நான்கு திருகாணி போட்டு இறுக்கியிருப்பார்கள். எதிரே வெள்ளைச் சுவர். ஒரு நாளைக்கு இருநூறு முகங்கள், ஒரு முகத்துக்குக்கூட சிரிக்க அனுமதி கிடையாது. நாற்காலியைப் பிடித்துக் கொடுத்தவள் அக்கா. பதினான்கு வருடமாக பஸ் ஓட்டுகிறவள், அந்த ஆபீஸில் அவளைத் தெரியாத ஆள் இல்லை. எனக்கு லைசென்ஸ் கிடையாது; லைசென்ஸ் ஆபீஸில் வேலை பார்க்க லைசென்ஸ் தேவையில்லை என்பதையும் அவளே விசாரித்து வைத்திருந்தாள். இன்று ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். “பை படத்த எடுத்துப் பாரு. வரலன்னா தலைய ஆட்டிரு” என்பது ஒப்பந்தம். நியாயமான ஒப்பந்தம். மூன்று வருடமாக நான் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே நிலையான பொருள் முக்காலிதான்.

அக்கா டீயோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“என்னடா, பேயறஞ்ச மாதிரி இருக்க?”

“ஒண்ணுமில்லக்கா.”

“ஒண்ணுமில்லாததுக்கா பிஸ்கட்ட மௌஸ்னு நெனச்சுத் தேச்சுக்கிட்டிருக்க?”

பதில் சொல்வதற்குள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். நிதானமாகப் பார்த்தாள். முகத்தில் ஒரு சின்னத் திருப்தி படர்ந்ததைக் கண்டேன்.

“நான் நல்லாத்தான் இருக்கேன்.” அடுத்த படம். “இதுலயும் பரவால்ல.” அடுத்த படம். “பை எங்கடா?”

“முன்னாடி.”

“அந்தப் பொண்ணு?”

“அதுவும் முன்னாடிதான்க்கா. அது பொண்ணு.”

“இதுவா? நான் ஏதோ பொகைன்னு நெனச்சேன்.”

டேப் கதையைச் சொன்னேன். வளையம், தூரம், தரகர், ஜன்னல் எல்லாவற்றையும். அவள் டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு அதைத் தன் பாஷைக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஹேண்ட் பிரேக்க எடுக்காமயே வண்டிய ஓட்டிருக்க.”

“ஆமா.”

“நானூறு கிலோமீட்டரு.”

“நானூத்திப் பன்னெண்டு.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். நானும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசி, அந்தச் சண்டையிலேயே தலையை ஆட்டி, திங்கட்கிழமை வெள்ளைச் சுவருக்கு எதிரே போய் உட்கார்ந்திருப்பேன். அவள் மலையை நிமிர்ந்து பார்த்தாள். வெயில் எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்டாள். நாலு மணிக்கு ஏரிப் பக்கம் வரும் என்றேன். காலையில் வந்த பெண்ணைக் கூப்பிடச் சொன்னாள். புல்லட் என்று நாங்கள் கூப்பிடும் அந்தப் பெண் ஓட்டப்பந்தயக்காரி. மதியம் அவளுக்கு மாவட்டத் தேர்வு ஓட்டம் இருந்தது. பத்து மணி பஸ்ஸில் அவளை ஏற்றி, கையை வேறு ஆட்டியிருந்தேன். ஃபோன் அணைந்திருந்தது.

“வேற யாரு இருக்கா?” என்றாள் அக்கா.

டீக்கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், நல்ல தொப்பை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். பெண்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள் என்று வருத்தத்துடன் தெரிவித்தேன். அவரும் வருத்தத்துடன் திரும்பிப் போய் பாலைக் கிண்டினார். அக்காவை நிற்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அக்காவின் இடது முட்டி பதினான்கு வருடம் கிளட்ச் மிதித்த முட்டி, காலையில் இறங்கும்போதே அவள் ஒவ்வொரு படியிலும் பக்கவாட்டில் திரும்பித்தான் காலை வைத்தாள். நாளைக் காலை நாலரைக்கு டியூட்டி. அவள் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்ட ஆரம்பித்தபோது, நான் என் தரப்பிலிருந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றி, பிஸ்கட்டைக் கீழே வைத்தேன்.

இரண்டாம் தடவை ஏறும்போது மலை உயரமாகியிருந்தது. காலையில் குளிர்ந்து கிடந்த பாறைகள் இப்போது தோசைக்கல் சூட்டில் இருந்தன. பாதி வழியில் பாதை முடிந்து, வேர்களைப் பிடித்துக்கொண்டு நாலுகால் பிராணிகளாக ஏறும் ஒரு இடம் வரும். காலையில் புல்லட் அதைத் தாவியே ஏறினாள். அக்கா கீழே நின்று அந்த இடத்தை, டெப்போவில் கோளாறான வண்டியைப் பார்ப்பதுபோலச் சுற்றிப் பார்த்தாள். பிறகு காமிராப் பையையும் என் தோளிலிருந்து வாங்கி மாட்டிக்கொண்டு, “நீ மொதல்ல ஏறு. விழுந்தா என் மேல விழு” என்றாள்.

மூன்று வருடமும் இப்படித்தான் நடந்திருக்கிறது என்பது அந்த வேர்களில் தொங்கிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நாரைகளை எடுக்கப் போனபோது சதுப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று முக்காலியைப் பிடித்துக்கொண்டவள் அக்கா. காற்றாலைகளை எடுத்தபோது, நான் பறந்துவிடாமல் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தவள் அக்கா. விடுப்பு நாளை ஒவ்வொன்றாக எடுத்து எனக்கு டிரைவர் வேலை பார்த்திருக்கிறாள். நான் எடுத்த நல்ல படம் ஒவ்வொன்றிலும் சட்டகத்துக்கு ஒரு அடி வெளியே அவள் இருந்தாள். உள்ளே வந்தது இன்று காலைதான், அதுவும் டேப்பின் தயவில். இதையெல்லாம் அவளிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னால் ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அடுத்த வேரைப் பிடித்து ஏறினேன்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். கீழே ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும் ரோடு. டேப்பைப் பிரித்தேன். அக்காவின் முதுகில் சிவப்புப் பையை மாட்டி, வாரைச் சரிசெய்து, பாறையின் ஓரத்தில் நிற்கவைத்தேன். காமிராவைத் தூக்கியதும் அவள் மோவாயை உயர்த்தி, தோள் இரண்டையும் சமமாக்கி, இரண்டு காதும் தெரியும்படி நேராகப் பார்த்தாள்.

“அக்கா, இது லைசென்ஸ் போட்டோ இல்ல.”

“வேற எப்படி நிக்கணும்?”

“சும்மா நில்லு.”

“சும்மாதான்டா நிக்கிறேன்.”

“கொஞ்சம் சிரி.”

சிரித்தாள். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது ஸ்கூட்டரில் குறுக்கே புகுந்தவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. அது சிரிப்பில்லை என்று எங்கள் ஊரில் ஸ்கூட்டர் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். பக்கவாட்டில் திரும்பச் சொன்னேன். கண்ணாடியில் பார்க்கிறவள் மாதிரி கண்ணை மட்டும் திருப்பினாள். நடந்து வரச் சொன்னேன்; கையை வீசாமல், திருட்டுக் கேஸில் போலீஸ் அழைத்துப் போகிற ஆள்போல நடந்தாள். முகம், பை, தையல், எல்லாம் கண்ணாடிபோலத் துல்லியம். ஒன்றில்கூட உயிர் இல்லை. காலையில் புதருக்குப் பின்னால் ஒளிந்தவளுக்கு இருந்த உயிரில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும் என்று நான் பாறையில் குப்புறப் படுத்து, முழங்கையில் முள் குத்த, தொப்பியைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு கீழிருந்து முயன்றுகொண்டிருந்தேன்.

நாலரைக்கு அவள் ஃபோன் அடித்தது. லைசென்ஸ் ஆபீஸ் அதிகாரி. காற்றில் அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை, அக்கா பேசியது மட்டும் கேட்டது.

“சொல்லுங்க சார்… ஆமா சார், ஞாபகம் இருக்கு… இல்ல சார், அவனால இப்ப பேச முடியாது.” பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக் கிடந்த என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். “வேலையா இருக்கான் சார்.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். முள் சட்டையில் மாட்டிக் கிழிந்தது.

“தெரியும் சார், அஞ்சு மணிக்கு லிஸ்ட்ட மூடிருவீங்க… மூடிக்கங்க சார். வேற யாருக்காவது உதவும்… இல்ல, கோவமெல்லாம் இல்ல. ரொம்ப நன்றி சார், நெஜமா.”

ஃபோனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, எதுவும் நடக்காததுபோல மறுபடி மோவாயை உயர்த்தி, தோள்களைச் சமமாக்கிக்கொண்டாள்.

“அக்கா, இன்னும் ஒரு படம்கூட வரலையே.”

“அது உன் பாடு. நீ சொன்ன எடத்துல நின்னுட்டுத்தானே இருக்கேன்?”

மறுபடி குப்புறப் படுத்து வேலையைப் பார்த்தேன். வெயில் சாய்ந்து, அவள் கழுத்து வியர்வை மேலும் பையின் வாரின் மேலும் ஒரே நிறத்தில் விழ ஆரம்பித்திருந்தது. வளையத்தை விரலால் மெல்ல நகர்த்தி, முதலில் பையின் தையலை, அங்கிருந்து அவள் தோளை, அங்கிருந்து முகத்தைப் பிடித்தேன். அப்போது கீழே ரோட்டில் ஒரு ஹாரன் நீளமாகக் கேட்டது.

அக்கா திரும்பினாள். அவளுடைய டெப்போ வண்டி, மேலிருந்து மூன்றாவது வளைவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

“டேய், யாருடா இவன், எறக்கத்துல டாப் கியர்ல வர்றான்?”

அவளுக்கு நான் இருப்பது மறந்துபோனது. காமிரா மறந்தது, முட்டி மறந்தது. பாறையின் விளிம்புக்கு இரண்டே எட்டில் போனாள். உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்தது. ஒரு கை பையின் வாரை இறுகப் பிடித்தது, இன்னொரு கை இல்லாத கியரைத் தேடிக் காற்றில் இறங்கியது. கண்கள் சுருங்கி, உதடு பிரிந்து, மலையேறி வந்தவள் மட்டுமல்ல, இந்த மலையைத் தாங்கிப் பிடித்திருப்பவளே அவள்தான் என்பதுபோல நின்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன். மறுபடி அமுக்கினேன்.

“மாத்து… மாத்துடா… ரெண்டாவதுக்கு மாத்து…”

ஏரிக்காற்று அதை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். கீழே, தீப்பெட்டி அளவிலிருந்த பஸ் ஒரு கணம் தயங்கி, முனகி, தன் மூக்கை மெதுவாகத் திருப்பியது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வெயிலில் மின்னி அணைந்தன. அது வளைவைத் தாண்டி மரங்களுக்குள் மறைந்த பிறகும், அக்காவின் வலது கால் பாறையை அழுத்தி மிதித்தபடியே இருந்தது.