ஜோடி மாறிய பல்சக்கரம்

எனக்கு ‘அரைகுறை’ என்று பட்டப்பெயர் வைத்தவன் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும். டிவி ரிப்பேர் செய்கிறவனுக்கு ஜீப்பில் என்ன வேலை? அக்காவிடம் மார்தட்டிக்கொண்டு நின்றேன். “மெக்கானிக் எதுக்குக்கா? நானே பிரிச்சு மாட்டிடறேன்.”

மாமா இறந்தபோது அக்காவுக்கு மிஞ்சியது அந்த ஜீப் ஒன்றுதான். அவளைவிட இரண்டு வயது மூத்தது. மேட்டுக் கல்குவாரியில் வேலை செய்கிறவர்களுக்கு அவள்தான் தினமும் குடிதண்ணீர் ஏற்றிப்போவாள். அந்தப் பாதையில் இந்த ஜீப்பையும் டிராக்டரையும் தவிர வேறு எதுவும் ஏறாது. பின் அச்சில் பல் உடைந்து ஜீப் படுத்தபோது, குவாரி சூப்பர்வைசர் மூன்று வாரம் பொறுப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் போனால் வேலை டிராக்டர்காரனுக்கு. அக்காவுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

பின் அச்சுக்குள் இரண்டு பல்சக்கரங்கள். பெரியது கிரவுன், அதைச் சுற்றிவிடுகிற சின்னது பினியன். இரண்டையும் ஒன்றோடொன்று ஓட்டிப் பழக்கி, ஒரே எண்ணைப் பொறித்துத்தான் கம்பெனியிலிருந்து அனுப்புவார்கள். ஜோடி மாறினால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். எனக்கும் இது தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

காயலான் கடை ஒன்றுவிடாமல் அலைந்தேன். “இந்த மாடலா? மியூசியத்துல போய்க் கேளுங்க சார்” என்றான் ஒருவன். கடைசியில் ஒரு கடையில் கிரவுன் கிடைத்தது, எண் 27. அதன் பினியன் நொறுங்கிப் போயிருந்தது. இன்னொரு கடையில், இரும்புக் குவியலுக்கு அடியில் ஒரு பினியன் கிடைத்தது, எண் 41. பற்களின் எண்ணிக்கை சரி, தண்டின் கனமும் சரி. அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமையோடு தவணை முடிகிறது. வெறுங்கையோடு போய் அக்கா முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது. கடை வாசலிலேயே குந்தி, உப்புத்தாளால் அந்த 41ஐத் தேய்த்து அழித்தேன்.

“ரெண்டுலயும் ஒரே நம்பர்தானடா?” என்று கேட்டாள் அக்கா.

“ஆமாக்கா.” கிரீஸை அப்பி மாட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை டிரம்களை ஏற்றினோம். நான் பின்னால் அவற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சமதரையிலேயே முனகத் தொடங்கிய வண்டி, மேட்டில் ஊளையிட்டது.

“புதுசா மாட்டினதுல்ல, பழகட்டும்” என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தாள் அக்கா. அப்போதாவது நிறுத்தச் சொல்லியிருக்கலாம். டிரம்மை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது வளைவில் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வண்டி பின்னால் உருண்டது. அக்கா பிரேக்கில் ஏறி நின்று நிறுத்தினாள். டிரம்கள் கவிழ்ந்து தண்ணீர் பாதையெல்லாம் ஓடியது. மதியத்துக்குள் டிராக்டர் எங்களைத் தாண்டி மேலே போனது. போகிறபோது டிராக்டர்காரன் எங்களுக்குக் கை காட்டிவிட்டுப் போனான்.

மறுநாள், வீட்டுக்கு உருட்டி வந்திருந்த வண்டியின் அச்சை வாசலில் பிரித்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பினியனை மண்ணெண்ணெயில் கழுவினாள். “பாவம், நீயும் எவ்வளவு அலைஞ்ச” என்று சொல்லிக்கொண்டேதான் துடைத்தாள். துடைத்த கை நின்றது. எண் இருக்க வேண்டிய இடம் பளபளவென்று இருந்தது.

“இங்க என்னடா நம்பர் இருந்துச்சு?”

“நாப்பத்தொண்ணு.”

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை.

“ஜோடி கெடைக்கலன்னு சொல்லியிருந்தா இன்னும் ஒரு வாரம் கேட்டிருப்பேன்டா. நேத்து சூப்பர்வைசரே சொன்னாரு, கேட்டிருந்தா குடுத்திருப்பேன்னு.”

பினியனை என் கையில் வைத்துவிட்டு எழுந்தாள். காலி டிரம்களை ஒவ்வொன்றாக உருட்டிப்போய்ச் சுவரோரம் கவிழ்த்தாள். ஒரு பக்கம் பிடிக்கலாம் என்று நானும் போனேன்.

“நீ எதையும் தொடாத” என்றாள்.