பின்னறையில் ஒரு லைன் பிரிண்டர்

என் மகள் அனுராதா தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள் என்று தெரிந்த அதே மாதத்தில், அவளுக்கென்று இருக்கிற பின்னறையில் என் வீட்டுக்காரர் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். கம்ப்யூட்டர் என்றதும் இப்போது பேங்குகளில் மேசைமேல் டிவி மாதிரி உட்கார்ந்திருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ஆள் உயரத்துக்கு இரண்டு இரும்பு பீரோ, துணி துவைக்கிற மெஷின் அளவில் ஒரு டிஸ்க் பெட்டி, இவற்றுக்கெல்லாம் தலைவனாக ஒரு லைன் பிரிண்டர். ஒரு முழு வரியை ஒரே அடியில் அடிக்கிற பிரிண்டர் அது. அடிக்கிறது என்றால் நிஜமாகவே அடிக்கிறது. உள்ளே வரிசையாகச் சுத்தியல் இருக்கிறதாம். அவர் அதைப் பெருமையாகச் சொன்னார்.

வீட்டுக்காரர் பெயர் பூதலிங்கம். வாயால் சொல்ல மாட்டேன், எழுதினால் தோஷமில்லை. ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் செக்ஷனில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே சின்னச் சின்னதாய்ப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்ததும் பழையதைக் காயலான் கடைக்குப் போட முடிவு செய்தார்கள். கேள்விப்பட்டதும் இவரும் கூட வேலை பார்த்த இரண்டு பேரும் ஓடிப்போய், ஏதோ சொந்தக்காரர் வீட்டுச் சாவு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அதை மீட்டு லாரியில் ஏற்றி வந்துவிட்டார்கள். எங்கே வைப்பது என்று லாரி வாசலுக்கு வந்த பிறகுதான் யோசித்தார்கள். மூன்று வீட்டுப் பெண்களில் இளிச்சவாய் நான்தான் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

மேலப்பாளையத்திலிருந்து அகமது மீரான் பாய், பிரிண்டர் ரிப்பேர் பார்க்கிற முத்துமாலை, இவர். மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி ஆறுவதற்குள் பின்னறையில் கூடிவிடுவார்கள். முதல் தாளில் நட்சத்திரப் புள்ளிகளாலேயே பெரிதாக ஒரு பிள்ளையார் சுழி அடிக்க வேண்டும். பாய் பட்டனைத் தட்டுகிற வாரமென்றால் அது 786 ஆக வரும். செக்ஷனில் ஆரம்பத்திலிருந்து அதுதான் வழக்கமாம். அது வந்ததும் மூன்று பேரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான். அதற்குப் பிறகு பிரிண்டர் பாட்டுக்கு ஓடும். என்னத்தை அடிக்கிறார்கள் என்கிறீர்களா? போன தீபாவளிக்கு முந்தின எத்தனையோ தீபாவளிகளுக்கு மில் ஆட்களின் ஆஜர் பட்டியல். பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. அதைப் படித்துப் படித்து உச்சுக் கொட்டுவார்கள்.

அது ஓடினால் எங்கள் வீட்டு விளக்கு மங்கும், அடுத்த வீட்டுச் சாரம்மாள் டிவியில் படம் குதிக்கும். அவள் சுவர்மேல் தலையை நீட்டி என்னைத்தான் கேட்பாள், அவர்களைக் கேட்க மாட்டாள். நான் மிக்ஸி போட்டேனோ, ஃபியூஸ் போயிற்று. வண்ணார்பேட்டையில் பஸ் சத்தத்தில் குடியிருந்து பழகிய எனக்கே தலை இரண்டாகப் பிளக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல், இந்தச் சத்தத்தை நிறுத்த வழியே இல்லையா என்று பாயிடம் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சத்தம் இருக்கப் போய்த்தான மதினி அது வேலை செய்யுதுன்னு தெரியுது. இப்ப உள்ளதுவ இருக்கே, முழிச்சிருக்கா தூங்குதான்னே தெரியாது."

பக்கம் முழுக்கப் பச்சைக் கோடும் ஓரத்தில் ஓட்டையுமாக அவர்கள் அடித்துத் தள்ளிய தாள்களை அலமாரித் தட்டுகளில் விரித்தேன். முறுக்கு சுட்டு எண்ணெய் வடியப் போட்டேன். தாள் தீர்ந்தபாடில்லை.

அந்த அறைக்குள் யாரும் வாயால் பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது. செக்ஷனில் அதற்காகவே கைஜாடை வைத்திருந்தார்கள். இரண்டு உள்ளங்கையையும் புத்தகம் மாதிரி விரித்து மூடினால் தாள் தீர்ந்துவிட்டது. விரலைச் சுழற்றினால் ரிப்பன் மாற்ற வேண்டும். மணிக்கட்டைத் தட்டினால் இந்த ஓட்டம் எப்போது முடியும் என்று அர்த்தம். விரல்களை வாய்க்குக் கொண்டுபோய்க் கையை மலர்த்தினால், சாப்பிட்டாச்சா. மூன்று கிழவர்கள் அந்த இரைச்சலுக்குள் கையை ஆட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

எரிச்சலுக்குக் காரணம் உண்டு. அந்தச் சத்தத்தின் பக்கத்திலேயே வேலைக்காலம் முழுக்க நின்றதில் இவருக்குக் காது போய்விட்டது. இரண்டு வருஷமாகப் படிப்படியாகக் குறைந்து, இப்போது முதுகுக்குப் பின்னால் பாத்திரம் உருண்டாலும் திரும்ப மாட்டார். ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். நான் முணுமுணுக்கிறேன் என்பார். டாக்டரிடம் போகலாம் என்றால் அது மட்டும் எப்படியோ காதில் விழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். கத்திக் கத்தி என் குரல் தேங்காய் துருவுகிற மாதிரி ஆகிவிட்டது. தெருவில் எல்லோரும் நான் புருஷனைத் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திட்டவும் செய்தேன், அது வேறு.

இதெல்லாம்கூடப் போகட்டும். பெற்ற பெண் விஷயத்தில் செய்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. அனு தன்னோடு கோயம்புத்தூரில் வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னபோது இவர் முதலில் குதித்தார். அவர்கள் வேறு ஆட்கள். சில மாதம் முகம் கொடுக்காமல் இருந்தார். பிறகு தானாகவே மனம் மாறி, குறுக்குத்துறைக் கோயிலில் கல்யாணத்தை முன்நின்று நடத்தி, மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரமும் போட்டார். கோபமெல்லாம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது, எனக்குத் தெரியும். ஆனால் காது போனதும் அந்த வருஷம்தான். அனு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் இவருக்கு ஒன்றும் விளங்காது. இரண்டு முறை ஏறுக்குமாறாய்ப் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் ரிசீவரைக் கையாலேயே தொடுவதில்லை. அப்பாவிடம் கொடு என்று அவள் கேட்பாள், அவர் கையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அப்பாவுக்கு இன்னும் கோபம் போகவில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் ஆரம்பித்த அன்று, முதல்முறையாக அவர் தன் காதைப் பற்றி வாய் திறந்தார்.

"ஏளா, அவகிட்ட சொன்னா மாப்பிள்ளைகிட்ட சொல்லாம இருப்பாளா? செவிட்டுச் சம்பந்தின்னு அந்த வீட்டுல பேரு வச்சிருவாங்க. சொல்ல மாட்டேன்னு எந்தலை மேல சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன். செவிடன் என்ற பேருக்குக் கல்நெஞ்சன் என்ற பேர் தேவலை என்று நினைக்கிற மனுஷனை என்ன செய்ய?

வளைகாப்பு முடிந்து அனுவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே பின்னறைக்குப் போனாள். அவள் கட்டில் இருந்த இடத்தில் பீரோ நின்றது. திரும்பி ஹாலில் வந்து உட்கார்ந்தாள். அவர் வந்தார். எப்படிப்பா இருக்கீங்க என்று கேட்டாள், தலையாட்டினார். மாப்பிள்ளை விசாரித்ததாகச் சொன்னாள், தலையாட்டினார். டாக்டர் இரத்தம் கம்மி என்று சொன்னதாகச் சொன்னாள், அதற்கும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் பின்னறைக்குள் போய்விட்டார். எனக்கு அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்று பேரும் உள்ளே போய்விட்டார்கள், பிரிண்டர் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் உளுந்தவடை போட்டுக்கொண்டிருந்தேன். அனு அடுப்படிக்கு வந்து கதவில் சாய்ந்து நின்றாள். அழுதிருந்தாள்.

"உங்க மாப்பிள்ளைகிட்ட செவ்வாக்கிழமைக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லிட்டேம்மா. பிள்ளைய அங்கனயே பெத்துக்கிடுதேன். ரத்தம் இல்லன்னு சொல்லுதேன், அப்பா சிரிக்காரு. என்னையப் பிடிக்காத வீட்டுல எம்பிள்ளை எதுக்குப் பிறக்கணும்?"

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் பிறந்த வீட்டுப் படியிறங்கிப் போவதா? பதில் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தியம் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு வடை கருகியது. சத்தியத்தை மீறி அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் ஒரு பக்கம், ஆனால் ஆகட்டுமே என்கிற கோபம் ஒரு பக்கம். அப்புறம்தான் தோன்றியது. சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தேன். காட்ட மாட்டேன் என்று செய்யவில்லை.

வடையை ஒரு தூக்குவாளியில் போட்டு அவள் கையில் கொடுத்து, உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா, பிறகு பேசலாம் என்றேன். அவள் மாட்டேன் என்றாள். முதுகில் கையை வைத்துத் தள்ளிக்கொண்டே போனேன்.

மில் குவார்ட்டர்ஸில் இருந்தபோது பள்ளிக்கூட லீவு நாட்களில் அவர் சாப்பாட்டை அவள்தான் கொண்டுபோவாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே தூக்குவாளியோடு நிற்பாள், அவர் உள்ளேயிருந்து ஜாடை காட்டுவார், அவளும் திருப்பிக் காட்டுவாள். அதையெல்லாம் யோசித்து நான் தூக்குவாளியைக் கொடுக்கவில்லை, தட்டு எல்லாம் கழுவக் கிடந்தது. அவ்வளவுதான்.

கதவைத் திறந்ததும் அந்த அடிச் சத்தம் முகத்தில் அறைந்தது. அனு அப்பா என்றாள். அது எனக்கே கேட்கவில்லை, உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன். அவர் தற்செயலாகத் திரும்பினார். வாசலில் தூக்குவாளியோடு நிற்கிற மகளைப் பார்த்தார். யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை, கை தானாக வாய்க்குப் போய் மலர்ந்தது.

சாப்பிட்டாச்சா?

இரண்டு வருஷத்தில் அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஆச்சு என்று கையைக் காட்டினாள். நீங்க? அவரும் ஆச்சு என்றார். பிறகு அவள் வயிற்றைப் பார்த்தார், மணிக்கட்டைத் தட்டினார். இந்த ஓட்டம் எப்போது முடியும்? அனுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு விரலைக் காட்டினாள், இரண்டு மாதம். சிரிப்பும் அழுகையுமாக அவள் கேட்கக் கேட்க, அவர் கை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. இத்தனை பேச்சை எங்கே வைத்திருந்தார் இந்த மனுஷன்?

அப்போது தாள் தீர்ந்தது. பிரிண்டர் நின்றது. அவர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து புதுத் தாள் பெட்டியைப் பிரிக்கத் தொடங்கினார்.

"அப்பா, இவ்வளவு நாளா ஏம்பா எங்கூடப் பேசல?"

அறையில் ஈ பறந்தால் கேட்கும். அவர் பெட்டியின் நாடாவை அறுத்துக்கொண்டிருந்தார். அவள் இன்னும் சத்தமாக அப்பா என்றாள். முத்துமாலை ஜன்னலைப் பார்த்தார். மீரான் பாய் தரையைப் பார்த்தார். அனு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் சத்தியம்தான். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றேன், என் கண்ணும் கலங்கிவிட்டது.

அவள் போய் அவர் தோளைத் தொட்டாள். தன் காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினாள். அவர் முகம் செத்துப்போயிற்று. சொல்லிவிட்டாயா என்று என்னை முறைத்தார். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். அப்படியே தாள் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். அனு அவர் பக்கத்தில் நெருங்கி நின்றாள். பாய் என்ன நினைத்தாரோ, புதுத் தாளைக் கோத்து முத்துமாலைக்கு ஜாடை காட்டினார். பிரிண்டர் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அந்த இரைச்சலில்தான் இவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். ஜாடை இல்லை, வாயால். வெகு நேரம் பேசினார். அனு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை டிக்கெட் வேண்டாம் என்று மாப்பிள்ளைக்குப் போன் போயிற்று. இவர் காது விஷயமும் கூடவே போயிற்று, அதை அவளே சொன்னாள், என் சத்தியத்துக்குப் பங்கமில்லை. புதன்கிழமை காது டாக்டரிடம் கூட்டிப்போவது அவள் பொறுப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே மூன்று பேருமாகப் பின்னறையைக் காலி செய்து கட்டிலைப் போட்டார்கள். கம்ப்யூட்டர் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டாம். ஹாலில் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் அடுப்படிக்கு வர வேண்டியிருக்கிறது, சாரம்மாள் உட்பட.

கட்டிலுக்குத் தலையணை உறை மாட்டும்போது அனுவிடம் கேட்டேன், அப்பா அவ்வளவு நேரம் என்னதான் சொன்னார் என்று.

"தெரியலம்மா. ஒரு வார்த்தை கேக்கல."

"பிறகு எதுக்குட்டி அப்படித் தலையாட்டுனே?"

அவள் உறையின் முனையை உள்ளே தள்ளிக்கொண்டே சொன்னாள்.

"அவரு எனக்கு ஆட்டுனாருல்லா."