மூன்று முறை கொதித்த வண்டி

ஒரே மாதத்தில் மூன்று முறை அந்த ஏற்றத்தில் லாரி கொதித்து நின்றுவிட்டது. பின்னால் கோத்த மூன்று பெட்டி நிறைய மாடுகள், நாற்பத்து மூன்று டிகிரி வெயில். இன்னொரு தடவை நின்றால் நோரீன் ஸ்டியரிங்கை விட்டு இறங்க வேண்டியதுதான் என்று முதலாளி வாலஸ் சொல்லிவிட்டார். சொன்னதோடு விடாமல், அவள் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்க்கவென்று பக்கத்து இருக்கையில் ஏறியும் உட்கார்ந்துகொண்டார்.

பதினொரு வருடமாக ஓட்டுகிறாள். என்ஜினைப் போட்டு முறுக்குகிறாள் என்று இப்போது பழி. தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப், கூலன்ட் எல்லாம் மாற்றியாகிவிட்டது. மாற்றாமல் மிச்சமிருந்தது ஓட்டுகிறவள் மட்டும்தான்.

ரேடியேட்டரை யாரும் சந்தேகிக்கவில்லை. வாலஸே சனிக்கிழமை தவறாமல் வண்டிக்கு முன்னால் நின்று, பிரஷர் கன்னால் தண்ணீர் அடித்து முகப்பைப் பளபளவென்று வைத்திருந்தார். அதில் அவருக்கு அத்தனை பெருமை.

நோரீனுக்கு அந்தப் பளபளப்பின் மேல்தான் சந்தேகம். அன்று மாடு ஏற்றுவதற்கு முன், முகப்பில் இருக்கும் ஏ.சி. கண்டென்சரின் போல்ட்டுகளைக் கழற்றி முன்பக்கம் சாய்த்தாள். பின்னால் ரேடியேட்டர் கண்ணிலேயே படவில்லை. ஸ்பினிஃபெக்ஸ் புல்விதையும் வெட்டுக்கிளிச் சிறகும் கம்பளி மாதிரி அப்பிக் கிடந்தன. முன்னாலிருந்து அடித்த தண்ணீர் வாராவாரம் குப்பையை உள்ளே தள்ளித் திணித்திருக்கிறது. அவள் என்ஜின் பக்கம் நின்று, சாதாரணக் குழாயால் அதை வந்த வழியே வெளியே அனுப்பினாள். ஒரு வாளி நிறைந்தது. யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஏற்றத்தில் வாலஸ் சூடு காட்டும் முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தார். வழக்கமாக நிற்கும் வளைவில் முள் லேசாக நகர்ந்தது.

"ஏறுது பாரு."

நோரீன் ஒரு கியர் குறைத்தாள். ஃபேன் இரைந்தது, முள் இறங்கியது. வண்டி நிற்காமல் உச்சியைத் தொட்டபோது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வாய்விட்டுச் சிரித்தாள். என்ன செய்தாய் என்று வாலஸ் கேட்க, உள்ளதைச் சொன்னாள்.

"அப்போ இவ்ளோ நாளா வண்டிய வேக வச்சது நானா?"

"நீங்கதான், வாலஸ்."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "உன்னைப் போயி இறக்கிவிடப் பாத்தேனே. சனிக்கிழமை வந்து எப்படிக் கழுவுறதுன்னு காட்டேன்."

"சனிக்கிழமை எனக்கு லீவு. நீங்க என்ஜின் பக்கமா போயி நில்லுங்க, போதும்."