நீந்தத் தெரிந்த கார்

பாக்கியசீலனின் வெள்ளைக் கார் நீந்தும் என்பது சீவலப்பேரியில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான்; அது ஸ்டார்ட் ஆகாது என்பதுதான் அந்த வியாழக்கிழமை காலையில் கிடைத்த புதுச் செய்தி. சில வருஷத்துக்கு முந்தி டிசம்பர் வெள்ளத்தில் ஆறு வீட்டுக்குள் வந்தபோது, பள்ளிக்கூட கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆன பாக்கியசீலனும் மனைவி பியூலாவும் போக்கிடமில்லாமல் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மிதக்கிற பொருளெல்லாம் கிழக்கே கடலைப் பார்த்துத்தான் போகும். வைக்கோல் படப்பு அப்படித்தான் போனது, யார் வீட்டுக் கட்டிலோ அப்படித்தான் போனது. இந்தக் கார் மட்டும் மேற்கே திரும்பி, வெள்ளத்தை எதிர்த்துப் பைய நீந்தி, பாளையங்கோட்டையில் ஒரு சர்ச் படிக்கட்டில் இரண்டு பேரையும் இறக்கிவிட்டது. சீட்டுகூட நனையவில்லை. அன்றிலிருந்து அதன் ரேடியேட்டரில் கெண்டைக் குஞ்சுகள் இருக்கின்றன. மெக்கானிக் கிங்ஸ்டன் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் அவற்றை வாளியில் எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் திரும்ப விட்டுவிடுவான்.

வெள்ளம் வடிந்த பிறகு பியூலாவால் வேறு எந்த வண்டியிலும் ஏற முடியவில்லை. பஸ் படியில் வைத்தால் கால் முழங்கால் வரை விறைத்துப்போகும். ஆட்டோவிலும் அதே கதைதான். இந்தக் காரில் மட்டும்தான் அவள் கால் அவள் பேச்சைக் கேட்டது. அந்த வியாழக்கிழமை காலையில் அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியிலிருந்து மகள் ஸ்டெபி போன் செய்தாள். "எம்மா, வலி எடுத்திட்டு. நீ வந்து கையப் பிடிச்சாத்தான் என்னால முடியும்." போன தடவை வயிற்றிலேயே பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு எந்தத் தாய்க்குத்தான் வீட்டில் இருப்பு கொள்ளும்? பியூலா போய்க் காரில் உட்கார்ந்துவிட்டாள்.

பாக்கியசீலன் சாவியைத் திருப்பினார். ஹாரன் அடித்தது, லைட் எரிந்தது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. கிங்ஸ்டன் ஓடிவந்து, பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையை வெந்நீர் ஊற்றிக் கழுவினான். பக்கத்து வீட்டு நெல்லையப்பன் தன் வண்டியை மூக்கோடு மூக்காகக் கொண்டுவந்து நிறுத்த, அதிலிருந்து வயர் கொடுத்துப் பார்த்தான். பெட்ரோல் இருந்தது, பியூஸ் போகவில்லை, மீன்களும் சௌக்கியம். கடைசியில் மூன்று பேருமாகத் தெருவில் தள்ளினார்கள். மூலை வரை போன கார், உள்ளே பியூலாவை வைத்தபடியே தானாகப் பின்னால் உருண்டு, பழைய இடத்திலேயே வந்து நின்றுகொண்டது.

கிங்ஸ்டன் கையைத் துடைத்துக்கொண்டான். "அண்ணாச்சி, வண்டில ஒரு கோளாறும் இல்ல. அது வர மாட்டேங்குது, அவ்வளவுதான்."

"ஏலே, வர மாட்டேங்க அதுக்கு என்ன வந்துச்சு?"

என்ன வந்தது என்று பியூலாவுக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம்தான் அந்த வீட்டில் வருஷாந்தர ஸ்தோத்திரக் கூட்டம் நடந்தது. வெள்ளம் வந்த தேதியில் சபைப் போதகரான ஐயரையும் அவர் மனைவியையும் அழைத்து, உயிர் பிழைத்ததற்கு நன்றி சொல்லுகிற கூட்டம். பாக்கியசீலன் எழுந்து நின்று, முதலில் கர்த்தருக்கும், பிறகு ஆள் ஆளாகப் பெயர் சொல்லியும் நன்றி செலுத்துவார். சர்ச் கதவைத் திறந்துவிட்டவர், துண்டு கொடுத்தவர், சேறு வழிக்க வந்த நெல்லையப்பன் என்று ஒரு பெயர் விடமாட்டார். காரின் பெயர் மட்டும் ஒரு வருஷமும் வந்ததில்லை. இரும்புக்கு நன்றி சொன்னால் விக்கிரக ஆராதனை ஆகிவிடும் என்பது அவர் கட்சி. ஆயுதபூஜைக்கு நெல்லையப்பன் பிரியமாக வைத்த சந்தனப் பொட்டையும் அன்றைக்கே துடைத்துவிட்டவர் ஆயிற்றே. கார் பாவம், இத்தனை நாள் பொறுத்திருந்தது.

பியூலா கண்ணாடியை இறக்கினாள். "அன்னைக்கு ஐயரம்மா குடுத்த ஒரு டம்ளர் காப்பிக்கு வருசா வருசம் நன்றி சொல்லுதீங்க. நம்ம உயிரக் கொண்டுவந்து சேத்தது இங்கன வெயில்ல நிக்குது. அதுக்கு ஒரு வார்த்தை உண்டா?"

"இரும்பக் கும்பிடச் சொல்லுதியா?"

"யாரு கும்பிடச் சொன்னா? ஒத்தாசை செஞ்ச ஆளுக்குச் சொல்லுத மாதிரி சொல்லுங்க. என் பிள்ளை அங்கன தவிச்சுக்கிட்டுக் கெடக்கா."

பாக்கியசீலன் சுற்றிப் பார்த்தார். கிங்ஸ்டன் நாகரிகமாக வேப்பமரத்தைப் பார்க்கத் தொடங்கினான். அவர் பானட்டின் மேல் கையை வைத்தார். "அன்னைக்கு நீ இல்லன்னா நாங்க இல்ல," என்றார். "இத்தன நாள் சொல்லாம இருந்தது தப்புதான். ரொம்ப நன்றி." வெள்ளத்தன்று அழாத மனுஷன் அப்போது அழுதார். அவர் சாவியைத் தொடும் முன்பே கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

ஒருமுறை திறந்த வாய் லேசில் மூடாது போலிருக்கிறது. கல்லிடைக்குறிச்சி தாண்டும்போது அவர் பைய ஆரம்பித்தார். "அன்னைக்கு வெள்ளத்துல நான் பயந்து கண்ண மூடிக்கிட்டேன். நீதான் கரையேறுத வரைக்கும் என் கையப் பிடிச்சுக்கிட்டுப் பாட்டுப் படிச்ச. அதையும் நான் ஒருநாளும் சொன்னதில்ல, பியூலா."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்று சொல்லி அவள் வயல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேத்தி பிறந்தபோது ஸ்டெபியின் கை பியூலாவின் கைக்குள்தான் இருந்தது. டார்லின் என்று பெயர் வைத்தார்கள். இப்போதெல்லாம் டிசம்பர் கூட்டத்தில் ஐயரம்மாவின் காப்பிக்கு அடுத்தபடி பியூலாவின் பெயர் வரும். அவள் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே எழுந்து போய்விடுவாள். அதற்கடுத்து கார். அதற்கு நன்றி சொல்லி முடித்ததும் வாசலிலிருந்து ஹாரன் ஒருமுறை நீளமாகக் கேட்கும். ஐயர் அது ஓயும்வரை காத்திருந்து ஜெபத்தைத் தொடங்குவார்.