அன்செல்மோவின் ஐந்தாம் நாள்

பனியுருகிய ஆற்றில் முழங்காலளவு நீரில் நின்று, இறந்துபோன மாமனார் அன்செல்மோவின் சட்டையைப் பாறையில் அறைந்து வெளுத்துக்கொண்டிருந்தான் சதுர்நீனோ. இறந்தவரின் உடுப்பை ஐந்தாம் நாள் ஆற்றில் அலசி, உயிரைச் சுமையின்றி இறைவன்பால் வழியனுப்புவது அந்த ஆண்டிஸ் மலையூரின் முறை. வெளுப்பது மருமகன் கடன். அவனை விரும்பாத வீட்டாரும் அதை மறுக்க இயலாது.

கரையில், சாவு நாளிலிருந்து வாயில் ஒன்றும் வைக்காத யூலாலியா கவிழ்ந்த தலையோடு அமர்ந்திருந்தாள். ஏழு திங்களுக்கு முன் தந்தை சொல்லை மீறி அவனை மணந்தவள். அன்று அன்செல்மோ கொண்ட சினம் தணியவேயில்லை. அறுவடைக்குள் வயிற்றில் புற்று என்றார்கள். உள்ளே தங்கிய சினம் நோயாகும் என்பதை அங்கு ஐயுறுவார் இல்லை. அவளும் ஐயுறவில்லை.

"அந்தக் கட்டிய எந்தம்பி வயித்துல வெச்சதே நீதான்டி," என்றாள் அத்தை தொமிதீலா, கோக்கா இலையை மென்றபடி. "இப்ப உம் புருஷன் துணி தொவைச்சா சரியாப் போயிடுமா?"



அவித்த உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ஊர்ச் செவிலி நெலிதா நிமிர்ந்தாள். "கோவத்தால புத்து வரும்னா, அத்தை, நீங்க போய்ச் சேந்து முப்பது வருஷம் ஆகியிருக்கணும்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"சிரிங்கடி! பின்ன எப்படி வந்துச்சாம்?"

"வயசு, அத்தை. நம்ம ரத்தத்துல காவக்காரங்க மாதிரி அணுவெல்லாம் சுத்திக்கிட்டே இருக்கும். கெட்டுப்போன அணுவக் கண்டா அங்கயே தீத்துடும். எம்பது வயசுல அந்தக் காவலுக்கும் கண்ணு மங்கிடும், புதுசா ஆளும் அதிகம் வராது. ஒண்ணு தப்பிச்சாப் போதும், சத்தமில்லாம வருஷக்கணக்கா வளரும்."

"வருஷக்கணக்காவா?" யூலாலியா தலை நிமிர்ந்தாள்.

"உங்கப்பா வயித்துவலின்னு எங்கிட்ட வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னேன். 'எம் மக காதுல போட்டே, உன் கோழி மொத்தமும் செத்துடும்'னு மெரட்டிட்டுப் போனாரு. அப்ப ஆத்துல நிக்கிற இந்தத் தம்பி யாருன்னே உனக்குத் தெரியாதேடி."

யூலாலியா ஒரு கிழங்கை எடுத்துத் தோலோடு கடித்தாள், பிறகு இன்னொன்று.

தொமிதீலா நெடுநேரம் மென்றாள். சக்கையைத் துப்பினாள்.

"வெளுத்தது போதும். மாப்பிள்ளைய மேல வரச் சொல்லு. காலு வெறைச்சிருக்கும்."

அவன் கரையேறி அமர்ந்தான். யூலாலியா அவனுடைய சிவந்த பாதங்களை மடியிலிட்டு, பாவாடை விளிம்பால் பொதிந்து தேய்த்தாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவன் கூசிக் காலை இழுத்தான். அவள் விடவில்லை.