வேலிக்கு அந்தப் பக்கத்துக் கத்தரி

தடதடவென்று வந்த மோட்டார் சைக்கிள் வேலிப் படலையடியில் சடக்கென்று நின்றதும் மர்ளியா நிமிர்ந்தாள். பக்கத்துக் காணிப் பரீனா வந்துவிட்டாளோ? முதுகில் சுமந்திருந்த பூச்சிமருந்துத் தாங்கியை மண்ணில் இறக்கிவிட்டு ஓடினாள்.

இல்லை. விவசாயக் கந்தோர் உத்தியோகத்தர் அல்பிரட்.

"என்னக்கா, என்னைக் கண்டதும் முகம் சுருங்குது? உங்கட மிளகாய் இலை மாதிரி!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குறிஞ்சிப்பிட்டியில் இப்போது அவளுடைய மிளகாய்தான் ஊர்க்கதை. இலையெல்லாம் சுருண்டு கிடந்தது. செடியைத் தொட்டால் வெண் ஈ புகையாய் எழும்பிற்று. இந்தப் போகமும் படுத்துவிட்டால் தோட்டத்தை விற்றுவிட்டு வரச்சொல்லி, கொழும்பிலிருக்கும் மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். மகளுக்கு மாடி வீடு. கால் வைக்க மண் கிடையாது.

"அடிச்சு அடிச்சுக் கை ஓய்ஞ்சு போச்சு, தம்பி. கடையில அதே போத்தலத்தான் தாராங்க. முந்தியெண்டா பட்டவுடன செத்துது. இப்ப குளிச்சிட்டுப் பறக்குது."

"ஒரே மருந்தை விடாம அடிச்சா அப்பிடித்தான். சாகிறது செத்துப்போகும், தப்பினது முட்டை போடும். அதுகள்ட வம்சத்துக்கு இந்த மருந்து பச்சைத் தண்ணி."

சொல்லிக்கொண்டே அவன் வேலிப் பொட்டு இடைவெளிக்குள் நுழைந்தான். நோன்புக் கஞ்சியும் கதையும் போய்வந்த பொட்டு அது. சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த பரீனாவின் குடும்பம் இருபது வருசம் அந்தப் பக்கம் இருந்தது. சண்டை முடிந்தபின், "ஊர்க் காணியைப் பார்த்திட்டு வந்திடுறன்" என்று குடும்பத்தோடு போனவள்தான். இரண்டு நோன்பு கழிந்துவிட்டது. மர்ளியா இப்போது வாய்விட்டுப் பேசுவது கோழிகளோடு மட்டும்.

பரீனா நட்ட கத்தரி, கிழடு தட்டியும் துளிர்த்து நின்றது. அல்பிரட் ஓர் இலையைப் புரட்டினான். அடியில் மா பூசினாற்போல் வெள்ளை.

"இங்கதான் குடியிருக்குதுகள். இங்கயும் அதே மருந்துதான் மணக்குது. வேற மருந்து நான் சொல்லுறன், ஆனா முதல்ல இதைப் பிடுங்கி எரிக்கவேணும். இல்லாட்டி உங்கட மிளகாய் தப்பாது."

குனிந்து பாத்தி மண்ணைக் கிள்ளினான். ஈரம்.

"ஆளில்லாத காணி. இதுக்கு ஆரக்கா தண்ணி ஊத்துறது?"

மர்ளியா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நான்தான். இது காஞ்சா, அவள் வரமாட்டாள் எண்டு ஆயிடுமே, தம்பி."